ஏழாம் தொட்டியில் என் பிஸ்டன்

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் மெக்கானிக் ஆகிவிட முடியாது. ஊரில் எல்லோருக்கும் இது சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிவதற்கு மட்டும் ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு லாரி பச்சைக் கொழுந்து, பதினேழு பேருடைய ஞாயிற்றுக்கிழமை எல்லாம் செலவானது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் கொழுந்து எடை போடும் கிளார்க். சிறு விவசாயிகள் சாக்கில் கொண்டுவரும் பச்சை இலையைத் தராசில் ஏற்றி, ஈரத்துக்கு இவ்வளவு, காம்புக்கு இவ்வளவு என்று கழித்து, அதற்காக அவர்களிடம் திட்டு வாங்குவது என் உத்தியோகம். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலபேர் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இடுப்பளவுக்கு இருக்க வேண்டிய தேயிலைச் செடிகள் என்னைவிட உயரமாக வளர்ந்து நின்றன. (நான் கொஞ்சம் குள்ளம்தான். இருந்தாலும் செடி செடிதானே!) ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள், பிறகு பன்னிரண்டு நாளாக ஓடவே இல்லை. எனக்குப் பாதிச் சம்பளம், முழு வேலை: காலியான தராசைத் துடைத்து வைப்பது.

என் மனைவி கோமதியின் அண்ணன் திருப்பூரில் இருந்தார். "பனியன் கம்பெனில சொல்லி வெச்சிருக்கேன் மாப்ளே, பொட்டிய கட்டிட்டு வந்துருங்க" என்று வாரத்துக்கு ஒருமுறை எதிர்க்கடை போனுக்குக் கூப்பிட்டார். எங்கள் வரிசையில் ஏற்கெனவே நாலு வீட்டில் பூட்டு தொங்கியது. "எனக்கு வெயில் ஆகாது" என்று நான் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், இந்த மலையை விட்டுப் போக எங்கள் இரண்டு பேருக்குமே துளியும் மனசில்லை. போக வேண்டிவருமோ என்று தினமும் பயந்துகொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரில் ஒரு உர கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குன்னூர், மஞ்சூர் பக்கம் விவசாயிகளைப் பார்த்து உரம் விற்க ஆள் வேண்டும். சொந்தமாக டூவீலர் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வண்டியோடு, குன்னூர் லாட்ஜில் மேனேஜரைப் பார்க்க வேண்டும். வேலை கிடைத்தால் மஞ்சூர், கிடைக்காவிட்டால் திருப்பூர்.

வண்டி இருந்தது. மூன்றாம் கையாக வாங்கிய டூ ஸ்ட்ரோக் வண்டி. ஆனால் கொஞ்ச நாளாக அதற்கு இழுவையே இல்லை. ஏற்றம் வந்தால் கோமதி இறங்கி நடப்பாள். நான் முதல் கியரில் முக்கி முனகி மேலே போய்ச் சேரும்போது அவள் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டு, "மெதுவா வாங்க, அவசரமில்லீங்க" என்பாள்.

வெள்ளிக்கிழமை வண்டியை எப்படியோ குன்னூருக்கு உருட்டி, கம்பெனி ஷோரூம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே தலைமை மெக்கானிக் ஸ்டீபன் அண்ணன். நீலக் கோட்டு, காதில் பென்சில். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வுட்டுட்டுப் போங்க. கழட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும். செவ்வாக்கெழம வந்து எடுத்துக்கலாம்."

"திங்கக்கெழம காலைல வண்டி வேணுமுங்க அண்ணா. ஒரு வேலை விசயம்."

"அப்ப இப்படியே ஓட்டிட்டு வாங்க. வேலைய முடிச்சுட்டு இங்க வுட்டுட்டு, பஸ்ஸுல போயிருங்க. ஓடுற வண்டிதானுங்களே!"

இதைவிட நல்ல யோசனையை எனக்கு அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு அது என் காதில் ஏறவில்லை. புகை கக்கிக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நிற்பதா? அதோடு அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வண்டிகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும், என் வண்டிக்கும் பிஸ்டன் போச்சு, போர் போச்சு, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத எல்லாம் போச்சு என்று நானே முடிவு கட்டினேன். ஸ்டீபன் அண்ணன் போடாத பில்லைப் பார்த்து நான் பயந்தேன். "யோசிச்சுட்டு வர்றேனுங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

"நாமே கழட்டிப் பாத்துரலாம்" என்று அன்று வீட்டில் அறிவித்தேன்.

கோமதி அலமாரியைப் பார்த்தாள். அங்கே நான் பழுது பார்த்த அலாரம் கடிகாரம் இருந்தது. (பழுது பார்த்த பிறகு அது தனக்குத் தோன்றிய நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.)

"அவரு சொன்ன மாதிரி அப்படியே ஓட்டிட்டுப் போலாமுங்களே?"

"உனக்குத் தெரியாது. அஞ்சு வருசமா ஃபேக்டரில ஓவர்ஹாலிங் பாத்திருக்கேன்."

இது பொய்யில்லை. வருஷா வருஷம் மிஷின்களைப் பிரித்து மாட்டும்போது நான் பக்கத்தில் நின்று டீ குடித்திருக்கிறேன். அதில் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனித்தும் வைத்திருந்தேன். கழற்றும் சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே ஓரிடத்தில் அடுக்கி வைப்பார்கள். திரும்ப மாட்டும்போது கடைசியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அடடா, இவ்வளவுதானா மெக்கானிக் வேலை என்று அப்போதே நினைத்தேன்.

சனிக்கிழமை காலை வண்டியை ஃபேக்டரிக்கே தள்ளிக்கொண்டு போனேன். மழைச் சாரலில் வீட்டு வாசலில் வைத்துக் கழற்ற முடியாது. ஃபேக்டரியோ காலி. அங்கே மாடியில் கொழுந்தை வாட்டுவதற்கு வலை விரித்த நீளநீளமான தொட்டிகள் உண்டு. பச்சை இலையை அதில் கொட்டிப் பரப்பி, கீழிருந்து ஃபேன் காற்று விட்டால் மறுநாள் காலைக்குள் இலை துவண்டுவிடும். அப்புறம்தான் அரைக்கிற மிஷினுக்குப் போகும். பன்னிரண்டு நாளாக எட்டுத் தொட்டியும் சும்மா கிடந்தன. எங்கள் டீ மேக்கர் நஞ்சப்பன் அண்ணனிடம், அதாவது இலை உள்ளே வந்து தூளாக வெளியே போகிறவரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான மனிதரிடம், ஒரு தொட்டியைக் கேட்டேன்.

"காலியாத்தான் கெடக்குது, வெச்சுக்க" என்றார். "சாயங்காலத்துக்குள்ள எடுத்துரோணும் முருகேசு."

கீழே கழற்றினேன், ஒவ்வொன்றாக மாடிக்குக் கொண்டுபோய் ஏழாம் தொட்டியின் கடைசியில், சுவரோரமாக, வரிசையாக வைத்தேன். சைலன்சர் பெரிதாக இருந்ததால் அதை மட்டும் கீழேயே சுவரில் சாத்தினேன். கார்புரேட்டர், ஹெட், பிளாக், பிஸ்டன், ரிங், பின், நட்டு, போல்ட்டு என்று மொத்தம் முப்பத்தொரு சாமான். பிஸ்டனைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது பிஸ்டன் மாதிரித்தான் இருந்தது. கெட்டுப்போன பிஸ்டன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

போதாததற்கு ஹெட்டுக்குக் கீழே இருந்த கேஸ்கெட் கிழிந்திருந்தது. கடைவீதிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அப்படியே சாப்பிட வீட்டுக்குப் போனேன்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள் கோமதி.

"பாதி முடிஞ்சுது."

"எந்தப் பாதிங்க?"

நான் சாப்பாட்டில் கவனமாக இருந்தேன்.

திரும்பி வந்தபோது ஃபேக்டரி வாசலில் இரண்டு லாரி! பின்னால் ஜீப், அதற்குப் பின்னால் தலைச்சுமையோடு ஆட்கள். என்ன நடந்தது என்றால், கீழ்ப்பக்கத்தில் இருந்த இன்னொரு ஃபேக்டரியில் தூளைக் காயவைக்கும் டிரையர் பழுதாகி, வந்த கொழுந்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது அத்தனையும் எங்களிடம் வந்திருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. தராசுக்கு ஓடினேன், எடை போட்டேன், யாருக்கும் ஒரு கிலோகூடக் கழிக்கவில்லை. (நான் திட்டு வாங்காத ஒரே நாள் அது. சாயங்காலம்வரை.) ஆள் பற்றாக்குறை. "மாடிக்குத் தூக்குங்கடா!" என்று நஞ்சப்பன் அண்ணன் சத்தம் போட, கிளார்க் என்ற கௌரவத்தையெல்லாம் விட்டுவிட்டு நானும் ஒரு சாக்கைத் தோளில் ஏற்றினேன். மாடியில் கரண்ட் இல்லை. ஜன்னல் வழியாக மஞ்சு மூட்டம் உள்ளே வந்து எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டிகள் நிறைந்துகொண்டே போயின. ஏழாம் தொட்டியில் முதல் சாக்கைக் கொட்டியவன் நான்தான். இரண்டாவதும் நான்தான். கைதட்டல் கிடைத்திருந்தால் எட்டாம் தொட்டியையும் நானே நிரப்பியிருப்பேன்.

கரண்ட் வந்தது. ஃபேன்கள் ஓட ஆரம்பித்தன. எல்லோரும் சிரித்தபடி நின்றார்கள். முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டேன். கேஸ்கெட் வந்தது.

அதைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டேன். பிறகு நஞ்சப்பன் அண்ணன் பக்கத்தில் போனேன்.

"அண்ணா, ஏழாம் தொட்டில ஒரு சின்ன விசயமுங்க."

"என்ன?"

"என்ற இன்ஜின் இருக்குதுங்க."

"எங்க?"

"கொழுந்துக்கு அடியிலீங்க."

அவர் தொட்டியைப் பார்த்தார். கொழுந்து முழங்கை ஆழத்துக்குக் கிடந்தது. "எந்த மடையன்டா அது மேல கொட்டுனது?"

பழி போட யாராவது கிடைக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். "நானுங்க."

"இப்பவே தேடி எடுத்தர்றேனுங்க" என்று தொட்டிக்குள் கை விடப்போன என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கையெடுடா! இப்பக் கெளறுனா இலை நசுங்கிச் செவந்துபோகும். பன்னண்டு நாள் கழிச்சு வந்த கொழுந்து. தூளு கெட்டுப்போச்சுன்னா அடுத்த லாரி இந்தப் பக்கம் திரும்புமா? காலைல இலை வாடுனதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

"மிஷினுக்கு முன்னால காந்தம் இருக்குதுங்களே அண்ணா, அது புடிச்சுக்காதுங்களா?"

"இரும்பத்தான்டா புடிக்கும். பிஸ்டன் அலுமினியம். காந்தம் கண்டுக்காம வுட்டுரும், அப்பறம் மிஷினு பல்லு அத்தனையும் போயிரும்."

அன்று வீட்டுக்குப் போய் கோமதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. திருப்பூருக்கு எடுத்துப்போக வேண்டிய பாத்திரங்களை அவள் மனசுக்குள் பிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினேழு பேர் ஏழாம் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தலைமை செல்லம்மா அக்கா. மாடியில் தொட்டிகளுக்கெல்லாம் அவர்தான் மேற்பார்வை. சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். ஃபேக்டரியை ஸ்டோர் என்பார், என்னைக் கணக்கப்பிள்ளை என்பார்.

"ஸ்டோருக்குள்ள கல்லு பாத்திருக்கேன், பாம்பு பாத்திருக்கேன்" என்றார். "மோட்டார் சைக்கிள இன்னிக்குத்தான் பாக்குறேன் கணக்கப்புள்ள." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "பூவ அள்ளுற மாதிரி அள்ளுங்கடி. தடவிப் பாத்துட்டுக் கூடைல போடுங்க" என்றார்.

தொட்டியின் ஒரு முனையிலிருந்து அள்ளிக்கொண்டே வந்தார்கள். திட்டிக்கொண்டே அள்ளினார்கள். நாலு பாஷையில் திட்டினார்கள். (எனக்கு மூன்று புரிந்தது.) சுவரோரம் நெருங்கியதும் ஒவ்வொன்றாகக் கிடைக்க ஆரம்பித்தது. போல்ட்டு. இன்னொரு போல்ட்டு. இலைச்சாற்றில் ஊறிய கார்புரேட்டர். நடுவில், சித்திரை மாதம் தொலைந்துபோன ஒரு கம்மல் திருகாணி தொட்டி இடுக்கிலிருந்து கிடைத்தது. அதற்குரியவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லா இருங்கண்ணா, அடிக்கடி இப்படித் தொலைங்க" என்று என்னை வாழ்த்தினாள்.

செல்லம்மா அக்கா எதையோ உயர்த்திப் பிடித்தார். "இது என்னாங்க, டம்ளரா?"

பிஸ்டன். அதை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். அழுகையே வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் முப்பது சாமான்களை மீட்டாகிவிட்டது. முப்பத்தொன்றாவது, பிஸ்டன் பின்னுக்குப் போடுகிற தம்மாத்துண்டு லாக், இலையோடு மிஷினை நோக்கிப் போய்க் காந்தத்தில் 'டிக்' என்று ஒட்டியது. பதினேழு பேரும் கைதட்டினார்கள். நஞ்சப்பன் அண்ணன்கூட.

எல்லாம் கிடைத்தது, வரிசை போய்விட்டது. என்னிடம் இருந்த மெக்கானிக் அறிவு மொத்தமும் அந்த வரிசையில்தான் இருந்தது. அன்று சாயங்காலம்வரை முயன்று பார்த்தேன். நாலு விதமாக மாட்டினேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சாமான் மிச்சமாகியது.

திங்கட்கிழமை காலை. நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். கோமதி ஒரு கொழுந்துச் சாக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வாயை இறுகக் கட்டியிருந்தாள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தது.

"வண்டியோடதானுங்க வரச் சொன்னாங்க? எடுத்துட்டுப் போங்க."

"வெளையாடறயா?"

"போகாம இருந்தா திருப்பூரு நிச்சயம். போனா என்ன, சிரிப்பாங்க. சிரிக்கட்டுமே. ஏனுங்க, எந்திரீங்க."

பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, "உள்ள என்னங்க?" என்றார். "வண்டிங்க" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

லாட்ஜில் மேனேஜர் ஸ்வெட்டருக்கு மேல் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, அதற்கும் மேல் நடுங்கிக்கொண்டிருந்தார். என் காகிதங்களைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார்.

"வண்டியோட வரச் சொல்லியிருந்தோமே?"

"கொண்டாந்திருக்கேன் சார்" என்று சாக்கை அவிழ்த்தேன்.

ஹெட் உருண்டு வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு கைப்பிடி வாடிய கொழுந்தும் வந்தது. மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று பார்த்தார். நான் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது, எல்லாம் தரையில் கிடந்தது.

"எத்தனை பேர் தேடினாங்க?" என்றார்.

"பதினேழு பேர் சார். லீவு நாள்ல."

"திட்டினாங்களா?"

"எல்லாருமே சார்."

"திட்டிட்டும் தேடினாங்களா?"

"தேடிக் குடுத்தாங்க சார்."

அவர் கீழே குனிந்து பிஸ்டனை எடுத்து மேஜைமேல், பேப்பர் பறக்காமல் வைத்தார். என்னவோ எழுதினார். எழுதும்போது தோள் குலுங்கியது, குளிரா சிரிப்பா என்று தெரியவில்லை. "ஒரு வாரம் டைம் தர்றேன்" என்று பிஸ்டனைத் திருப்பி நீட்டினார். "அடுத்த திங்கட்கிழமை மீதி வண்டியோட வாங்க."

அங்கிருந்து நேராக ஸ்டீபன் அண்ணனிடம் போனேன். சாக்குக்குள் கை விட்டு, பிளாக்கை எடுத்து, அதில் ஒட்டியிருந்த இலையை உரித்தார். "ஏனுங்க, இத ரிப்பேர் பண்ணோணுமா, வடிகட்டோணுமா?" என்றார். மறுநாள் தூள் ஏற்றிவந்த லாரியில் வண்டியின் உடம்பும் வந்து சேர்ந்தது. அவர் எல்லாச் சாமான்களையும் கழுவித் துடைத்து, எந்த வரிசையும் இல்லாமல் தட்டில் போட்டுக்கொண்டு, ரேடியோ கேட்டபடியே மாட்டி முடித்தார்.

"பிஸ்டன் புதுசு போட்டீங்களாண்ணா?"

"எதுக்குங்க? பிஸ்டன் நல்லாத்தான் இருக்குது. இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. சைலன்சர்ல கரி அடைச்சிருந்துச்சு, நெருப்புல காட்டித் தட்டி எடுத்தேன். அவ்வளவுதான்."

இரண்டு நாளும் சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அதே சைலன்சர்! வீடெல்லாம் சோதனை போட்ட போலீஸ்காரன், திருடனுக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்த கதைதான். ஸ்டீபன் அண்ணன் கிக்கரை ஒரே உதை உதைத்தார். வண்டி கிளம்பியது. முதல் இரண்டு நாள் புகையில் லேசாக டீ மணந்தது என்று நான் சொல்வேன். கோமதி ஒத்துக்கொள்வதில்லை.

வேலை கிடைத்தது. திருப்பூர் மச்சானுக்குப் போன் பண்ணி, வெயில் ஆகாது என்று கடைசியாக ஒருமுறை சொன்னேன். கோமதி கடைக்காரரிடமிருந்து ரிசீவரை வாங்கி அண்ணனிடம் பேச ஆரம்பித்தவள், பேச முடியாமல் அழுதாள். நஞ்சப்பன் அண்ணனின் தூள் நன்றாக இருந்ததால், அந்த இரண்டு லாரிகளும் டிரையர் சரியான பிறகும் எங்கள் பக்கமே வந்தன. விலை உடனே ஏறிவிடவில்லை. ஏற நாளாயிற்று. ஆனால் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது, நான் அந்த வண்டியிலேயே மலை முழுக்கச் சுற்றினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அரைகுறையாக எது நடந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான். சாம்பாரில் உப்பில்லையா? "மீதி வண்டி எங்கீங்க?" சந்தையிலிருந்து தேங்காய் மறந்து வந்தேனா? "மீதி வண்டி எப்ப வருமுங்க?" கல்யாணம் காரியம் என்று யார் வந்தாலும் கோமதி முழுக் கதையையும் சொல்லுவாள். ஒவ்வொரு முறையும் தொட்டியில் நான் கொட்டிய சாக்குகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

போன மாதம் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற எங்கள் மகள் லீவுக்கு வந்தாள். பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள். முகம் வாடியிருந்தது. ரிசல்ட் வந்துவிட்டது என்று எங்களுக்கும் தெரியும். நான் அப்பாவுக்குரிய குரலைத் தயார் பண்ணி, தொண்டையைச் செருமினேன்.

"அப்பா" என்றாள். "ஆறு பேப்பர்ல அஞ்சு கொண்டாந்திருக்கேன். மீதி வண்டி அடுத்த செமஸ்டர்ல வரும்."

உள்ளேயிருந்து கோமதியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பையை வாங்கிக்கொண்டு, "உள்ள வா கண்ணு, சோறு ஆறுது" என்றேன்.